வண்டி நின்ற பிறகும்

வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த நடுக்கம் இம்மியும் மாறவில்லை என்பதுதான் நாடிக்கு முதலில் உறுத்தியது.

நாடி என்பது ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு வைத்த பெயர். ஸ்டியரிங்கை விரல் நுனிகளால் மட்டும் தொட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பான். திரும்பி வந்து இறங்கும்போதே, முன்பக்க வலது டயரில் உள்பக்கம் வீங்கியிருக்கிறது என்பான். கழற்றிப் பார்த்தால் வீங்கித்தான் இருக்கும். மின்சார வண்டிகள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம், அவன் காட்டில் மழைதான். இன்ஜின் சத்தமும் உறுமலும் இல்லாத வண்டியில் ஒரு சின்ன அதிர்வுகூட ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நேராகக் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. இதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவன் மறைத்துக்கொண்டதும் இல்லை.

இந்த வெள்ளை வண்டியைக் கொண்டு வந்தவர் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். ஒல்லியான உடம்பு, இறுக்கமாகச் சீவிய நரைத்த தலை. பேசும்போது இரண்டு மணிக்கட்டுகளையும் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"எந்த வேகத்துல ஆடுது டீச்சர்?"

"எல்லா வேகத்துலயும்தான் தம்பி."

"அப்படி இருக்காதே. அறுபதுக்கு மேலயா, எண்பதுக்கு மேலயா?"

"மெதுவாப் போனாலும் ஆடும். வேகமாப் போனாலும் ஆடும். நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்." மணிக்கட்டைத் தேய்த்தபடியே கேட்டார். "இது மெஷின் கோளாறுதானே?"

"வண்டியில இருக்கிற கோளாறு மெஷின் கோளாறாத்தான் இருக்கும். பின்ன வேற என்னவா இருக்கப் போகுது?" என்று நாடி சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார், பிறகுதான் கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அதை வெளியே எடுத்தான். காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள் ஈரத்தில் கறுத்துக் கிடந்தன. டயர்களுக்கு அடியில் தண்ணீர் பிரிகிற சலசலப்பும், வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துவிட்டுத் திரும்புகிற சத்தமும், இருக்கைக்குக் கீழே எங்கோ மோட்டார் முனகுகிற மெல்லிய ரீங்காரமும் தவிர வேறு ஒலியே இல்லாத அந்த மூடிய அறைக்குள், ஏசி ஊதுகிற காற்றில் லேசாக ஒரு பாசி வாடை வந்துகொண்டிருந்தது. ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். விரல் நுனிகளை ஸ்டியரிங்கில் வைத்தான்.

நடுக்கம் இருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. வினாடிக்கு நாலைந்து துடிப்பு, அவ்வளவுதான். நாற்பதில் அப்படித்தான் இருந்தது. எண்பதிலும் அப்படியேதான் இருந்தது.

சக்கரத்தில் எடை கூடக் குறைய இருந்தால் சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஒரு உதறல் வரும். வேகம் கூடினால் உதறல் கூடும், குறைந்தால் குறையும். மோட்டார் கோளாறும் அப்படித்தான், அச்சுக் கோளாறும் அப்படித்தான். சுற்றுகிற எந்தச் சாமானும் வேகத்தை மறந்துவிட்டு ஆட முடியாது. இது எதையும் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

சிக்னலில் வண்டி நின்றது. நடுக்கமும் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

நாடி கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். வெள்ளை வண்டியின் கறுப்பு ஸ்டியரிங், யாரும் தொடாத ஸ்டியரிங், மழை நீர் வழிகிற கண்ணாடிக்கு முன்னால் சின்னதாக, விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையாகிவிட்டதை அவன் கவனித்தான்.

திரும்பி வந்து வேலையை முறைப்படி ஆரம்பித்தான். நாலு சக்கரத்தையும் பாலன்ஸ் போட்டான். முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றினான். கம்பிகள், மூட்டுகள், ரப்பர் புஷ்கள் எல்லாவற்றையும் நெம்பிப் பார்த்தான். எல்லாம் புத்தம் புதிதாகக் கல்லுப்போல இருந்தன. பக்கத்து ஷெட்டில் நசுங்கிய இடங்களுக்குப் பட்டி பூசி வர்ணம் அடிக்கிற பெயிண்டர், முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, நாடி பிடிபடலையா? ஊசி ஒண்ணு போட்டு விட்டுருங்க, சரியாப் போயிடும்."

"போடா, போய் உன் பட்டியத் தேய்."

"உங்க முகத்தைப் பார்த்தா உங்களுக்குத்தான் ஊசி போடணும் போல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். நாடிக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அன்றைக்கு அவன் கடைசியாகச் சிரித்தது.

வண்டியை லிஃப்டில் ஏற்றித் தலை உயரத்துக்குத் தூக்கினான். நாலு சக்கரங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான். பவர் ஸ்டியரிங்குக்குப் போகிற ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இப்போது அந்த ஸ்டியரிங்குக்குக் கரண்ட் இல்லை, ஆட்டுவதற்குச் சக்கரமும் இல்லை. ஏணியில் ஏறித் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான்.

ஆடிக்கொண்டிருந்தது.

ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, ஸ்கேனரை எடுத்து வந்து கம்பியைச் செருகினான். ஓட்டுகிறவர் கை ஸ்டியரிங்கை எவ்வளவு முறுக்குகிறது என்று அளக்க அதற்குள் ஒரு சென்சார் உண்டு. யாரும் பிடிக்காவிட்டால் திரையில் கோடு நேராகப் படுத்துக் கிடக்கும். நாடி ஏணியில் நின்றான். அவன் கைகள் இரண்டும் ஸ்கேனரில் இருந்தன. திரையில் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மேலே சின்ன எழுத்தில், ஸ்டியரிங்கில் கை இருக்கிறது என்று காட்டியது. கோடு நடுவிலும் இல்லை. இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஒரே சீராக, பிடிவாதமாக.

சென்சார் பொய் சொல்லும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. அந்த எண்ணம்தான் அவனை ஏணியிலிருந்து இறங்கவிடாமல் பிடித்து வைத்தது. அவன் எக்கி ஸ்டியரிங்கைத் தொட்டான்.

தோல் உறை முழுக்க மழைக்காலத்துச் சில்லிப்பு. இரண்டு இடங்களில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வலப்பக்கம் ஒரு கை அகலம், இடப்பக்கம் ஒரு கை அகலம். கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது.

பயம் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம்தான். பட்டப்பகலில், பக்கத்து ஷெட்டில் பெயிண்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பட்டி தேய்க்கிற சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கையிலேயே அவன் பயந்தான். இறங்கிப் போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். இரண்டு தடவை கழுவினான்.

இப்படிப்பட்ட நேரத்துக்கு இந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை என்றால் நல்ல வண்டியிலிருந்து அதே சாமானைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது. கோளாறு சாமானோடு இடம் மாறினால் சாமான் கெட்டது. மாறாமல் அங்கேயே இருந்தால் வண்டி கெட்டது. நாடியின் சொந்த வண்டியும் அதே மாடல்தான், நிறம்தான் நீலம். முற்றத்தின் ஓரத்தில் நின்றது. வெள்ளை வண்டியை இறக்கிச் சக்கரங்களை மாட்டினான். பாட்டரித் தொடர்பைத் துண்டித்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஏர்பேக்கைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்தி, டீச்சர் வண்டியின் ஸ்டியரிங்கை உருவி எடுத்தான். இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு போனபோது அது ஒரு சாதாரண ஸ்டியரிங்கின் எடைதான் இருந்தது. கையில் ஆடவும் இல்லை. அவனுக்கே தன்னை நினைத்துக் கொஞ்சம் கேலியாக இருந்தது.

வெள்ளை வண்டியில் தன்னுடையதை மாட்டி ஓட்டிப் பார்த்தான். தண்ணீர் தேங்கிய சாலையில் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. விரல் நுனியில் ஒன்றும் இல்லை. பாசி வாடைகூட இல்லை. திரும்பி வந்து நீல வண்டியில் ஏறி உட்கார்ந்து, அதில் மாட்டியிருந்த டீச்சரின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தான். அதுவும் அசையாமல் இருந்தது. ஏதோ கம்பி சரியாக உட்காராமல் இருந்திருக்கிறது, கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூச்சு சீராக வந்தது. இரண்டும் ஒரே மாடல்தானே, மாற்றியது மாற்றியபடியே இருக்கட்டும் என்று விட்டான்.

சோதனைக்கு நிறுத்திய வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். துணி இருந்தால் முதலாளியே வந்தாலும் அந்த வண்டியைத் தொட மாட்டார். நாடி கட்டவில்லை. சொந்த வண்டிதானே என்று விட்டுவிட்டான். டீச்சருக்கு ஃபோன் செய்து, வண்டி தயார், வரலாம் என்று சொன்னான். பிறகு இன்னொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். அவன் ஃபோன் டூல் தட்டில் கவிழ்ந்து கிடந்தது.

டீச்சர் வாடகை வண்டியில் வந்து இறங்கியபோது தூறல் வலுத்திருந்தது. குடையை மடக்காமலே வெள்ளை வண்டியில் ஏறப் பார்த்தார், பிறகு மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு ஏறினார். முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. கதவருகே நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நாடி துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் போனான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான்.

"காணோம்" என்றார் டீச்சர்.

"நடுக்கம்தானே? சரியாப் போச்சு டீச்சர்."

"என்ன செஞ்சீங்க தம்பி?"

அவன் சொன்னான். மாற்றிப் போட்டுப் பார்க்கிற வழியைப் பற்றி, கம்பியைப் பற்றி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"என் ஸ்டியரிங் இப்ப எந்த வண்டியில இருக்கு?"

"என் வண்டியிலதான். தோ, அங்க..."

கையை நீட்டினான். முற்றத்தின் ஓரம் காலியாக இருந்தது. வண்டி நின்றிருந்த இடத்தில் மட்டும் தரை கொஞ்சம் உலர்ந்திருந்தது. அதன் மேலும் தூறல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி வந்தாங்கண்ணே!" என்று பெயிண்டர் ஷெட்டுக்குள்ளிருந்து கத்தினான். "கொஞ்ச நேரம் முன்னாடி எடுத்துட்டுப் போனாங்க. டியூட்டி மாத்திக்கிட்டாங்களாம். மெசேஜ் போட்டேன், பார்க்கலை போலன்னாங்க. நீங்க அடியில படுத்திருந்தீங்க, எழுப்ப வேணாம்னுட்டாங்க."

அவன் மனைவி நர்ஸ். அன்றைக்கு இரவு டியூட்டி என்றுதான் சொல்லியிருந்தாள். பகல் டியூட்டி நாட்களில்தான் ஆஸ்பத்திரி வேனில் வந்து இறங்கி, தன்னிடமிருக்கும் இன்னொரு சாவியால் வண்டியை எடுத்துக்கொண்டு, மகள் குட்டியை ஓவிய வகுப்பிலிருந்து கூட்டி வருவாள். அவன் படுத்திருந்த இடத்துக்கும் நீல வண்டிக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. பழைய வண்டியாக இருந்தால் ஸ்டார்ட் செய்கிற சத்தத்திலேயே எழுந்து வந்திருப்பான். இது பூனை மாதிரி அவன் காலடியைத் தாண்டிப் போயிருக்கிறது.

"அவங்க எந்தப் பக்கம் போவாங்க?" என்று கேட்டார் டீச்சர். குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது.

"ஓவிய வகுப்புக்கு. ஏரித் திருப்பத்தைத் தாண்டி..."

டீச்சர் இறங்கி, சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க ஓட்டுங்க. உடனே."

டூல் தட்டில் கிடந்த ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து நாடி ஓட்டினான். ஒரு கையால் மனைவியின் எண்ணை அழுத்தினான். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை. வைப்பர் போய்ப் போய் வந்தது. சாலை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன.

"என் வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம்" என்றார் டீச்சர், சாலையைப் பார்த்துக்கொண்டே. "ரொம்ப வருஷமா. வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தினம் சாயங்காலம் என்கிட்ட சாவி கேட்பார். ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன், ஒரே ஒரு தடவைம்பார். குழந்தை மாதிரி கெஞ்சுவார். நான் தரலை. ஒளிச்சு வச்சேன்."

நாடி மறுபடியும் எண்ணை அழுத்தினான்.

"ஒரு நாள் நடந்தே ஏரிக்குப் போயிட்டார். மறுநாள்தான் வெளிய எடுத்தாங்க."

மழை கூரையில் தட்டியது.

"அதுக்கப்புறம்தான் இந்த வண்டி வாங்கினேன். இதை அவர் கண்ணால பார்த்தது கூட இல்ல. ஆனா முதல் நாளே தெரிஞ்சுது. ஏரித் திருப்பம் வந்தா இடது பக்கம் இழுக்கும் தம்பி. நான் பிடிச்சுக்குவேன். அவரை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

"இதை ஏன் என்கிட்ட காலையிலயே சொல்லலை?" அவன் கத்திவிட்டான்.

"சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? மெஷின் கோளாறுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாத் தூங்கலாமேன்னுதான் வந்தேன்."

ஃபோன் எடுக்கப்பட்டது. காருக்குள் மனைவியின் குரல் வந்தது, அந்தப் பக்கத்து மழைச் சத்தத்தோடு.

"என்னங்க, என்ன பண்ணி வச்சிருக்கீங்க வண்டியை? ஸ்டியரிங் இந்த ஆட்டம் ஆடுது. குட்டி வேற கிண்டல் பண்றா, அம்மாவுக்குக் குளிருதான்னு."

"எங்க இருக்க?"

"கிளம்பிட்டோம். திரும்பி வந்துட்டிருக்கோம். இதோ ஏரி..."

"நிறுத்து. ஓரம் கட்டு. ரெண்டு பேரும் இறங்குங்க. இப்பவே!"

"என்னங்க ஆச்சு? இருங்க... ஏய், என்ன இது... என்னங்க, இது திரும்ப மாட்டேங்குது..."

பிறகு வந்தது சொல் இல்லை, ஒரு மூச்சு. டயர் சேற்றில் தேய்கிற நீண்ட சத்தம். குட்டியின் குரல், மிகக் கிட்டத்தில், ஏதோ சொன்னது. அவனுக்குப் பிடிபடவில்லை.

தொடர்பு அறுந்தது.

அடுத்த சில நிமிடங்கள் அவனிடம் இல்லை. ஓட்டினான் என்பது மட்டும் தெரியும். அவன் வாய் மகளை விளித்துக்கொண்டே இருந்தது. எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டது. தன் கையை, தன் விரல்களை, அந்தப் பெயரை, சிவப்புத் துணியை, எல்லாவற்றையும் சபித்தது. பக்கத்தில் டீச்சர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதல் மாதிரிதான் இருந்தது.

திருப்பம்.

எதிரே திரும்பி வருகிறவர்களுக்கு இடது பக்கமாகச் சரிவான மண்பாதை. அதன் முடிவில் ஏரி, வானத்தின் கடைசி வெளிச்சத்தில் தகரம் மாதிரி வெளிறிக் கிடந்தது. பாதையின் பாதி வரைக்கும் சக்கரத் தடங்கள். தடங்களின் முடிவில் நீல வண்டி, மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, நாலு விளக்கும் விட்டு விட்டு எரிய நின்றது. முன்சக்கரங்களுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. மேட்டில், மரத்தடியில், இரண்டு உருவங்கள். ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

நாடி ஓடினான். சேற்றில் விழுந்தான், எழுந்தான். மனைவியின் தோளைப் பிடித்தான், முகத்தைப் பிடித்தான், மண்டியிட்டுக் குட்டியை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். அவளுடைய ஈரத் தலைமுடியில் வர்ணக்கட்டி வாசனை அடித்தது. உலகத்தில் அதைவிட நல்ல வாசனை ஒன்று இருக்கவே முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக அவன் இருந்ததில்லை.

"தானாத் திரும்புச்சுங்க" என்றாள் மனைவி. பல் கிட்டிப்போய் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "பிரேக்கு போட்டேன். சறுக்கிட்டே போச்சு. நான் ஒரு பக்கம் திருப்ப, அது ஒரு பக்கம் திருப்ப... என்னால பிடிக்கவே முடியல. நேராத் தண்ணிக்கு... குட்டிதான் பின்னாடியிருந்து எட்டினா. நான் பிடிச்சுக்கறேம்மான்னு கைய வச்சா."

"எதுல?"

"ஸ்டியரிங்லதான். வச்ச உடனே நின்னுடுச்சுங்க. சுத்தமா. யாரோ கைய விட்டுட்ட மாதிரி."

நாடி திரும்பிப் பார்த்தான். டீச்சர் குடையில்லாமல் நனைந்துகொண்டு நீல வண்டியருகே போயிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தை அதன் மேல் சாய்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுலயும் இல்ல தம்பி" என்றார்.

நாடி எழுந்து நின்றான். குட்டியின் கை அவன் கைக்குள் இருந்தது. சின்னக் கை. சில்லென்று நனைந்த கை.

உள்ளங்கை மட்டும் வெதுவெதுப்பு.

"குளிருதா கண்ணு?"

"இல்லப்பா."

அவன் விரல் நுனிகளுக்கு எல்லாம் தெரியும். எந்த அதிர்வும் அவற்றிடமிருந்து ஒளிந்துகொள்ள முடியாது. குளிரில் நடுங்குகிற கை விட்டு விட்டு நடுங்கும். மூச்சு விட்டால் மாறும், அணைத்தால் குறையும். அவன் அவளை அணைத்தான். மாறவில்லை. இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கினான். குறையவில்லை. வினாடிக்கு நாலைந்து. ஒரே சீராக. பிடிவாதமாக.

வேண்டாம் என்று நினைத்தான். இதை என்னிடம் கொடு. என் கைக்கு வா. அவன் கை அசையாமல் இருந்தது.

டீச்சர் வண்டியை விட்டு இறங்கி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். மூன்றடி தள்ளி நின்றார். அவர் கண்கள் நாடியைப் பார்க்கவில்லை, அவன் மனைவியைப் பார்க்கவில்லை. குட்டியின் கையையே பார்த்தன. அவர் முகத்தில் இத்தனை நேரம் இருந்த களைப்பு போய், வேறு என்னவோ வந்தது. வாய் திறந்தது.

"என்னங்க" என்றார் மெதுவாக. "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

குட்டி திரும்பிப் பார்த்தாள்.

அப்பா என்று சொல்லவில்லை. அம்மா என்று சொல்லவில்லை. டீச்சரை அடையாளம் தெரிந்த மாதிரி ஒரு பார்வை. ஒரு கோபம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இடது பக்கம், தண்ணீர்ப் பக்கம்.

கை இழுத்தது.

முதலில் லேசாக. குழந்தை மிட்டாய்க் கடையைக் காட்டி இழுக்கிற அளவுதான். நாடி பிடித்துக்கொண்டான். இழுப்பு கூடியது. மனைவி ஏதோ கத்தினாள். அவன் இரண்டு கைகளாலும் பிடித்தான். ஏழு வயதுப் பெண்ணின் மணிக்கட்டு அவன் விரல்களுக்குள் நடுங்கிக்கொண்டே, நடுங்கிக்கொண்டே, ஒரு முழு ஆளின் பலத்தோடு ஏரியை நோக்கித் திரும்பியது. அவன் குதிகால்கள் சேற்றில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு சறுக்கத் தொடங்கின.